உனக்கு மட்டும் ஏன் ஆயுள் தண்டனை என்று கேட்டாயே

கல்லடி, மட்டக்களப்பு

அன்பின் மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. தங்கச்சிக்கு முழங்கால் ஒப்பரேஷனுக்குப் பிறகு காலில் இரத்தம் உறைந்ததும், இரத்தம் உறையாமல் தடுக்கும் குளிசையை மூன்று மாதத்தோடு நிறுத்தியதும் அறிந்தேன். "அவளுக்கு மூன்று மாதம், உனக்கு மட்டும் ஏன் ஆயுள் தண்டனை?" என்று, நான் ஆயுள் முழுக்கக் குளிசை போட வேண்டியிருப்பதை நக்கலாகக் கேட்டிருந்தாய். பதில் கொஞ்சம் நீளம்.

எனக்கு முதல்முறை இடதுகால் வீங்கியபோது ஒரு காரணமும் இல்லை. விழவில்லை, படுக்கையில் கிடக்கவில்லை. ஆறு மாதம் குளிசை போட்டதும் வீக்கம் வற்றியது. அப்போது வெள்ளாமை வெட்டு நேரம். வயல் வட்டையில் நிற்கிறவனுக்குக் கிளினிக் நினைவிருக்குமா? யாரையும் கேளாமல் நானே நிறுத்திவிட்டேன். எட்டு மாதம் போனது. கொழும்பிலிருந்து ராத்திரி பஸ்ஸில் வந்து இறங்கினால் செருப்பு வார் காலில் பதிந்து கிடக்கிறது. மறுகா இரண்டாம் நாள் மூச்சிழுத்தால் முதுகில் ஊசி குத்துகிற மாதிரி. காலில் உறைந்த இரத்தக் கட்டி நுரையீரலுக்குப் போய்விட்டது.

பஸ்ஸில்தான் பழி என்று நினைத்தேன். டொக்டர் சிரித்தார். நெடுநேரம் உட்காருவது சின்னக் காரணம்தானாம். முதல்முறை எதனால் வந்தது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டுமாம். ஒப்பரேஷனால் வந்தது என்றால், மருந்தை விட்ட முதல் வருடத்தில் 100 பேரில் ஒருவருக்குத்தான் திரும்ப வரும். காரணமே தெரியாமல் வந்தவர்களில் 10 பேருக்கு வரும். ஐந்து வருடத்தில் அது 25, பத்து வருடத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். அதிலும் பெண்களைவிட ஆண்களுக்கு ஏறக்குறைய ஒன்றேமுக்கால் மடங்கு. ஆம்பிளையாகப் பிறந்ததும் ஒரு குற்றம்தான் போல! என் தொந்தி வயிற்றையும் ஒருதரம் பார்த்துவிட்டுத்தான் உடல் பருமனையும் சொன்னார். ஒருமுறை நுரையீரலுக்குப் போனவனுக்குத் திரும்ப வந்தால் அங்கேயே போக வாய்ப்பு அதிகமாம். அந்தச் சொல்லுக்குத்தான் பயந்தேன்.

இரத்தம் எளிதில் உறையும் பரம்பரைக் குறை இருக்கிறதா என்று சோதனை செய்யச் சொல்லித் தம்பிக்காரன் நின்றான். அந்தப் பரம்பரைக் குறைகளில் பரவலானவை முதல் கட்டிக்குக் காரணமாகலாமே தவிர, திரும்ப வருவதைக் கொஞ்சம்தான் கூட்டுமாம். என் வைத்தியமும் அதனால் மாறப்போவதில்லை என்றார். காசு மிச்சம். புற்றுநோய் உள்ளவர்களுக்கும், ஆன்டிபாஸ்போலிப்பிட் என்ற நோய் எதிர்ப்புக் கோளாறு உள்ளவர்களுக்கும்தான் திரும்ப வரும் பயம் மெய்யாகவே பெரிது. எனக்கு இரண்டும் இல்லை என்று பார்த்துச் சொன்னார்கள்.

சரி, இப்போது வோபரின் என்ற இரத்தம் உறையாமல் தடுக்கும் குளிசை போடுகிறேன். இரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கிற ஐ.என்.ஆர். சோதனை அளவு 2க்கும் 3க்கும் இடையில் நிற்க வேண்டும். கீரை அந்தக் குளிசையின் வேலையைக் குறைக்கும் என்று என் மனைவி பயந்துபோய் முருங்கையிலை வறையை அடியோடு நிறுத்திவிட்டாள். சாப்பிடலாம், ஒரு கிழமை நிறைய, மறு கிழமை ஒன்றுமில்லை என்றுதான் இருக்கக் கூடாது என்று டொக்டர் சொன்ன பிறகுதான் சட்டி அடுப்பேறியது. முழங்கால் நோவுக்குக் கடையில் நோவுக் குளிசை வாங்கிப் போடுகிற பழக்கத்தையும் விட்டுவிட்டேன், இரத்தம் கசியுமாம்.

கோயில் திருவிழாவுக்கு வருவதாக எழுதியிருந்தாய். வா மச்சான். தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு வருவதென்றால், ஒரு நாள் பயணம் அல்லவா, முதலில் அவளுடைய டொக்டரைக் கேள். விமானத்தில் நடுச் சீட்டில் போட்டு அடைக்காதே, எழும்பி நடக்க ஓரச் சீட்டாக எடு. காலில் புது வீக்கம், மூச்சிழுக்க நோவு என்றால் நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்க வேண்டாம். நான் இரண்டு நாள் இருந்து பார்த்தவன்.

இன்னொன்று. வரும்போது இறுக்கமான காலுறை ஒரு சோடி வாங்கி வா. கட்டியைத் தடுக்க அல்ல, பின்னேரத்தில் கால் கனக்கிறது, அதற்கு. நேற்று இவள் தையல் நாடாவால் அளந்தாள்: கெண்டைக்கால் இடது 39 சென்ரிமீற்றர், வலது 36. இடதுக்குப் பார்த்து வாங்கு.

உன் மச்சான்