காப்பீட்டு அட்டையில் சர்க்கரை பார்க்கும் ஸ்ட்ரிப் வாங்க முடியாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பிதழில் குழந்தைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீடு பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். எந்தெந்த அறுவை சிகிச்சைக்குப் பணம் கிடைக்கும், அட்டை வாங்க எங்கே போக வேண்டும் என்றெல்லாம் எழுதியிருந்தீர்கள். பலருக்கும் பயன்படும். ஆனால் கடைசிப் பத்தியில் ஒரு வரி: "அட்டை வைத்திருக்கும் குடும்பங்கள் இனிப் பிள்ளைகளின் மருத்துவச் செலவை நினைத்துக் கவலைப்பட வேண்டியதில்லை." அதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. எங்கள் வீட்டில் அந்த அட்டை இருக்கிறது. டைப் 1 சர்க்கரை நோயோடு 13 வயதில் ஒரு மகளும் இருக்கிறாள்.

அட்டையைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஓயாமல் தண்ணீர் குடித்து, ஓயாமல் சிறுநீர் கழித்து, பாவாடை இடுப்பில் நிற்காத அளவுக்கு மெலிந்துபோன என் பிள்ளையை முதலில் பார்த்த கிளினிக்கில் வைரஸ் காய்ச்சல் என்று சொல்லி அனுப்பினார்கள். அவள் மூச்சு வாங்கி மயங்கியபோதுதான் பெரிய ஆஸ்பத்திரியில் சர்க்கரையைப் பார்த்தார்கள். ரத்தத்தில் அமிலம் ஏறிவிட்டது என்று ஐ.சி.யூ.வில் போட்டார்கள். அன்றைக்கு எங்களைக் காப்பாற்றியது முதலமைச்சர் காப்பீட்டு அட்டைதான். குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் ரூபாய் வரை என்கிறார்களே, அது உண்மை. அந்த நன்றி எனக்கு என்றும் உண்டு.

வீட்டுக்கு வந்த பிறகு என்ன ஆகிறது என்று உங்கள் நிருபர் யாரிடமும் கேட்கவில்லை. டைப் 1 பிள்ளையின் கணையம், சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்கும் இன்சுலினைச் சுரக்காது. உயிரோடு இருக்கும் நாள் வரை ஊசிதான். இன்சுலின் குப்பியை எங்களுக்கு அரசு மருத்துவமனையில் இலவசமாகத் தருகிறார்கள். ஆனால் எத்தனை யூனிட் போடுவது என்று தெரிய வேண்டுமே? அதற்கு விரல் நுனியில் குத்தி, ஸ்ட்ரிப்பில் ஒரு சொட்டு ரத்தம் வைத்து, மீட்டரில் பார்க்க வேண்டும். கூடப் போட்டுவிட்டால் சுகர் இறங்கித் தூக்கத்திலேயே வலிப்பு வரலாம், குறைத்துப் போட்டால் மறுபடி ஐ.சி.யூ. ஒரு நாளைக்கு 4 தடவையாவது பாருங்கள் என்கிறார் டாக்டர். எங்கள் ஊர் மெடிக்கலில் ஒரு ஸ்ட்ரிப் 15 ரூபாய்க்குக் குறைந்து கிடைப்பதில்லை. மாதம் 1,800 ரூபாய் ஆகிறது. இந்த அட்டை கிடைக்க ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும், அதாவது மாதம் 10,000. நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். இந்த ஸ்ட்ரிப்புக்கு அட்டை செல்லாது. பெரும்பாலும் பிள்ளை ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தால்தான் அட்டைக்கு வேலை.

அதனால் நாங்கள் என்ன செய்கிறோம் தெரியுமா? மாதக் கடைசியில் 4 தடவை 2 தடவை ஆகிவிடும். "அம்மா, எனக்கு நல்லாத்தான் இருக்கு, இப்ப பார்க்க வேண்டாம்" என்று அவளே சொல்லிவிடுவாள். டப்பாவில் எத்தனை மிச்சம் என்று அவளுக்குத் தெரியும். வயதுக்கு வந்த பிறகு உடம்பில் ஹார்மோன் மாறுவதால் சுகர் ஒரு நிலையில் நிற்பதில்லை, ஊசியின் அளவும் கூடுகிறது. அடிக்கடி பார்க்க வேண்டிய வயதில் அவள் ஸ்ட்ரிப்பை மிச்சம் பிடிக்கிறாள்.

இதே வீட்டில் என் மாமியாருக்கும் சர்க்கரை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் அவருக்கு மாத்திரை வாசலுக்கே வருகிறது. மாத்திரை கொண்டுவரும் அக்கா என் மகளைப் பார்த்து, "பாப்பாவுக்கு எங்க லிஸ்ட்ல எதுவும் இல்லையேம்மா" என்று வருத்தப்பட்டார். பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவிடமும் கேட்டேன். 2013இல் மத்திய அரசு 18 வயது வரையுள்ள பிள்ளைகளுக்காக ஆரம்பித்த பரிசோதனைத் திட்டம் அது. அதில் முதலில் பட்டியலிட்ட 30 குறைபாடுகளில் சொத்தைப் பல் உண்டு, வலிப்பு உண்டு. சர்க்கரை நோய் இல்லை. பிள்ளைகளுக்கு இந்த நோய் வரும் என்றே யாரும் நினைக்கவில்லையா?

வரும் என்று நீங்கள் எழுதியபோதும் எங்களைக் குற்றவாளி ஆக்கித்தான் எழுதினீர்கள். போன வருடம் வந்த கட்டுரையில், கண்டதையும் தின்னக் கொடுக்கும் பெற்றோரால்தான் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சர்க்கரை வருகிறது என்று இருந்தது. டைப் 1 அப்படி வருவதில்லை ஐயா. உடம்பின் எதிர்ப்பு சக்தியே கணையத்தைத் தாக்குவதால் வருகிறது. எந்தத் தாயும் மிட்டாய் கொடுத்து வரவழைத்தது இல்லை. அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு என்னிடம் விசாரிக்க வந்த உறவுக்காரர்களுக்கு நான் எத்தனை பதில் சொன்னேன் என்று உங்களுக்குத் தெரியாது.

அப்புறம் உங்கள் விளம்பரப் பக்கம். 'இன்சுலினை நிறுத்துங்கள், சர்க்கரையை வேரோடு ஒழிப்போம்' என்று அரைப்பக்கம் வருகிறது. சர்க்கரை நோயைக் குணமாக்குவதாக மருந்து விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டு மாய நிவாரணச் சட்டம் தடை செய்திருப்பது பத்திரிகை நடத்தும் உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. அந்த விளம்பரத்தைக் கத்தரித்து எடுத்து வந்த பெரியவர் ஒருவர், "பேப்பர்லயே போட்டிருக்கான், ஊசியை விட்டுப் பார்" என்று என் மகளுக்கு முன்னாலேயே சொன்னார். டைப் 1 பிள்ளைக்கு ஊசியை நிறுத்தினால் உயிர் போய்விடும். உங்கள் பத்திரிகையின் பெயரைச் சொல்லித்தான் அவர் அதைச் சொன்னார்.

பள்ளியிலும் நிம்மதி இல்லை. பரீட்சை நேரத்தில் சுகர் இறங்கி, கை நடுங்கி, குளுக்கோஸ் பொட்டலத்தைப் பிரித்தவளை மேற்பார்வைக்கு வந்தவர் எழுந்து நிற்க வைத்துவிட்டார். பொதுத்தேர்வு அறைக்குள் டைப் 1 மாணவர்கள் தின்பண்டம் கொண்டுவர சி.பி.எஸ்.இ. 2017லேயே அனுமதி கொடுத்துவிட்டது. எங்கள் ஊர்ப் பள்ளியில் அப்படி ஒன்றை யாரும் கேள்விப்பட்டதே இல்லை.

நாங்கள் கம்பம் பக்கம். என் கணவர் தினமும் ஜீப்பில் மலையேறி இடுக்கி ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போகிறவர். அங்கே வேலை செய்யும் மலையாளி ஒருவரின் பையனுக்கும் டைப் 1. கேரள அரசு 2018 முதல் 'மிட்டாயி' என்ற பெயரில் இந்தப் பிள்ளைகளுக்கென்றே ஒரு திட்டம் நடத்துகிறது. இன்சுலினும் ஸ்ட்ரிப்பும் சேர்த்தே கொடுக்கிறார்கள். மதிய உணவையும் காலை உணவையும் பள்ளியிலேயே போடும் மாநிலம் நம் தமிழ்நாடு. இங்கே ஒரு டப்பா ஸ்ட்ரிப் கொடுக்க முடியாதா என்று என் கணவர் வந்து சொல்லும்போதெல்லாம் எனக்கு அழுகைதான் வருகிறது.

அரசாங்கத்திடம் கேட்க வேண்டியதை உங்களிடம் கேட்பதாக நினைக்க வேண்டாம். உங்களிடம் கேட்பது வேறு. அடுத்த ஞாயிறு இணைப்பில் கால் பக்கம் ஒதுக்குங்கள். அதிக தாகம், அடிக்கடி சிறுநீர், திடீர் மெலிவு, தீராத அசதி, இந்த நான்கும் ஒரு பிள்ளைக்கு இருந்தால் அன்றைக்கே சர்க்கரையைப் பாருங்கள் என்று பெரிய எழுத்தில் போடுங்கள். பக்கத்திலேயே, வீட்டில் வாங்கும் ஸ்ட்ரிப்புக்குக் காப்பீட்டு அட்டை செல்லாது என்று ஒரு வரி திருத்தமும் வர வேண்டும். விளம்பரத்தைப் பற்றி முடிவெடுக்க வேண்டியது நீங்கள்.

இப்படிக்கு,
ஒரு தாய், தேனி மாவட்டம்

(பெண் பிள்ளை என்பதால் பெயரை வெளியிட வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன்.)