மனத்திறன் தாளுக்குப் பள்ளியிலேயே பயிற்சி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கான என்.எம்.எம்.எஸ். (மத்திய அரசின் தேசிய வருவாய்வழி மற்றும் திறன் படிப்புதவி) உதவித்தொகைத் தேர்வைப் பற்றி எழுதுகிறேன். தில்லித் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கு இப்படியொரு தேர்வு இருப்பதே தெரியவில்லை. தெரிந்தவர்களும் 40 சதவீதம் வாங்கினால் பணம் வந்துவிடும் என்று நம்பிக்கொண்டிருக்கிறார்கள். மனத்திறனுக்கு 90, பாடத்துக்கு 90, ஆக மொத்தம் 180 மதிப்பெண். அதில் 72 எடுத்தால் (எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைகளுக்கு 32 சதவீதம்) போட்டிக்குள் நுழையலாம், அவ்வளவுதான். அப்புறம் மாநிலத்துக்கு ஒதுக்கிய இடங்களுக்கு மதிப்பெண் வரிசைப்படிதான் எடுப்பார்கள். நாடு முழுவதற்கும் ஆண்டுக்கு ஒரு லட்சம் இடம்தான்.

பாடத் தாளில் எனக்குக் குறையில்லை. வகுப்பில் நடத்தியதுதான் வரும். மனத்திறன் தாள்தான் மனத்தை உறுத்துகிறது. எண் தொடர், ஒப்புமை, குறியீடு, படத்துக்குள் ஒளிந்த படம் என்று 90 கேள்வி, 90 நிமிடம். இதை எந்தப் பீரியடிலும் யாரும் சொல்லித் தருவதில்லை. எவ்வளவு கெட்டிக்காரப் பிள்ளையானாலும், முதல்முறை பார்க்கும்போது ஒரே கேள்வியில் ஐந்து நிமிடம் உட்கார்ந்துவிடும். பழைய தாள்களைப் போட்டுப் பழகிய பிள்ளை பார்த்ததும் வழியைக் கண்டுகொண்டு அடுத்ததற்குப் போய்விடும். குடும்ப வருமானம் மூன்றரை லட்சத்தைத் தாண்டக்கூடாது என்று விதி வைத்துவிட்டு, ட்யூஷனுக்குப் போனவர் முந்திக்கொள்கிற தேர்வை வைப்பது என்ன நியாயம்?

தமிழ்நாட்டுக்கு 6,695 இடங்கள். அங்கே அரசுப் பள்ளி ஆசிரியர்கள் பலர் காலையிலும் மாலையிலும் இதற்கென்றே வகுப்பு எடுக்கிறார்கள். இங்கே தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளிகள் அரசு உதவி பெறுபவை. ஆகவே அங்கு படிக்கும் பிள்ளைகளும் எழுதலாம். ஏழாம் வகுப்பிலிருந்தே வாரத்துக்கு இரண்டு பீரியட் ஒதுக்கினால் போதும். ஆனால் பள்ளி நேரத்துக்குள் ஒதுக்க வேண்டும். 2025 ஜூனில் தமிழர்கள் வாழ்ந்த ஜங்புரா மதராசி கேம்ப் குடிசைப் பகுதி இடிக்கப்பட்டு, வெகு தொலைவிலுள்ள நரேலாவுக்குப் போன குடும்பங்களை நினைத்துப் பாருங்கள். அங்கிருந்து லோதி எஸ்டேட்டில் உள்ள கழகப் பள்ளிக்கு வந்து படிக்கும் பிள்ளை, மணி அடித்த பிறகு எப்படித் தங்கும்?

தேர்வானதோடும் முடிவதில்லை. உதவித்தொகை தொடர, ஒன்பதாம் வகுப்பில் முதல் முறையிலேயே தேற வேண்டும். பத்தாம் வகுப்பில் 60 சதவீதம் (எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைகளுக்கு 55) வேண்டும். தில்லி அரசுப் பள்ளிகளில் ஒன்பதாம் வகுப்பில் தேங்குகிற பிள்ளைகள் எத்தனை பேர் என்பது ஆசிரியர்களுக்கே தெரியும். உதவித்தொகையை 2017இல் ஆண்டுக்கு 6,000 ரூபாயிலிருந்து 12,000 ஆக்கினார்கள். மாதம் ஆயிரம் ரூபாய் இன்றைய விலைவாசிக்குச் சின்னத் தொகைதான். ஆனாலும் வீட்டுவேலைக்குப் போகும் ஒரு தாய் தன் மகளைப் பன்னிரண்டாம் வகுப்பு வரை நிறுத்தாமல் அனுப்ப அது கைகொடுக்கும்.

பள்ளி நிர்வாகங்கள் வரும் கல்வியாண்டின் கால அட்டவணையிலேயே இதற்கு இடம் ஒதுக்க வேண்டுகிறேன். பழைய தாள்களுக்கு நகல் எடுக்கும் செலவைத் தமிழ் அமைப்புகள் ஏற்கலாம். மத்திய அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற தமிழர்கள் இந்த நகரில் ஏராளம். கூப்பிட்டால் சொல்லிக்கொடுக்க வருவார்கள். நானும் வருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
ஆர்.கே.புரம், புது தில்லி