லயத்துக் காம்பிராவிலிருந்து: லென்ஸ் சோதிக்கிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

சொந்தக் காசில் கமரா லென்ஸ் வாங்கி, சுவரையும் மரத்தையும் சலிக்காமல் படம் பிடித்து, எங்கே நன்றாக இருக்கிறது எங்கே சொதப்புகிறது என்று இணையத்தில் ஒளிக்காமல் சொல்கிற எல்லாருக்கும்,

வணக்கம். நான் இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த போட்டோக்காரன். கல்யாணம், சடங்கு, கோயில் தேர், பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி, எது வந்தாலும் போவேன். உங்களில் ஒருவரையும் நேரில் பார்த்ததில்லை. இதைத் தமிழில் எழுதினால் அவங்களுக்கு எப்படிப் போய்ச் சேரும் என்று தம்பி கேட்டான். சேராவிட்டால் பரவாயில்லை. நன்றி சொல்வது எனக்கு நம்ம பாஷையில்தான் வரும், அதோடு உங்கள் பேச்சைக் கேட்டு லென்ஸ் வாங்குகிற பொடியன்கள் இந்தப் பக்கம் நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்களாவது படிக்கட்டும்.

முதலில் கடன் கணக்கு. 2021 இல் தோட்டத்தில் நாள் சம்பளம் 1,000 ரூபாய் ஆனது. அதற்குப் பின்னால் எத்தனை வருஷக் கத்தல் என்பது வேறு கதை. அதிலும் பறித்த கொழுந்து தோட்டம் சொல்கிற கிலோவுக்கு வந்தால்தான் ஒரு பேர், அதாவது முழு நாள் சம்பளம், விழும், குறைந்தால் அரைப்பேர். எங்கள் வீட்டில் எதையும் இந்தப் பேர்க் கணக்கில்தான் அளப்போம். நான் ஆசைப்பட்ட பழைய ஸூம் லென்ஸ் 60,000 ரூபாய். அப்படியென்றால் அம்மா 60 நாள் மலைக்குப் போக வேண்டும், இடுப்பில் படங்கைக் கட்டிக்கொண்டு, அட்டைக்கடி வாங்கிக்கொண்டு. அடுத்த வருஷம் டாலர் 200 ரூபாயிலிருந்து 360 வரைக்கும் ஏறியபோது அதே லென்ஸுக்கு விலை சொல்லக் கடைக்காரர்களுக்கே கூச்சமாக இருந்தது. இப்படி இருக்கிறவன் தப்பான லென்ஸ் ஒன்றை வாங்கிவிட்டால், சரி போகட்டும் என்று இன்னொன்று வாங்க முடியாது. அதோடுதான் நாலைந்து வருஷம் குப்பை கொட்ட வேண்டும்.

அந்த நேரம் எல்லாரும் சொன்னது ஒரே வார்த்தை: ஃபிப்டி வாங்கு. கெனன் 50 எம்எம் எஃப் 1.8, 1990 இல் வந்த அந்தப் பிளாஸ்டிக் லென்ஸ். விலை குறைவு, முகத்துக்குப் பின்னால் இருப்பதெல்லாம் பஞ்சு மாதிரிக் கரையும். வாங்கியிருப்பேன். உங்களில் ஒருவர்தான் அதைப் புகழ்ந்து முடித்துவிட்டுப் போகிற போக்கில் ஒன்று சொன்னார்: சின்ன சென்சார் கமராவில் இது 80 எம்எம் மாதிரி நடந்துகொள்ளும், பார்வை குறுகிவிடும், அறைக்குள் படம் எடுக்கிறவர்கள் அறையை அளந்துவிட்டு வாங்குங்கள். அளந்தேன். லயத்துக் காம்பிரா, அதாவது தோட்டத்து வரிசை வீட்டில் எங்கள் அறை, பத்துக்குப் பன்னிரண்டு அடி, அதில் கட்டிலும் அலுமாரியும் வேறு. பத்தடி தள்ளி நின்றாலும் 50 எம்எம்மில் விழுவது நாலரை அடி அகலம்தான். பொண்ணும் மாப்பிள்ளையும் வருவார்கள், பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற அம்மாயி பாதியில் வெட்டுப்படுவார். 17 எம்எம் என்றால் அதே இடத்திலிருந்து பதின்மூன்று அடி, குடும்பமே வந்துவிடும். பின்னால் போக வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். பின்னால் இஸ்தோப்பு என்கிற திண்ணை, அதையும் தாண்டினால் சாக்கடைக் கான்.

ஆக 17 இலிருந்து 50 வரை போகிற ஸூம் ஒன்றைக் கொழும்பில் ஒரு கடையில் வாங்கினேன். முதல் கல்யாணத்திலேயே ஏதோ இடித்தது. குரூப் போட்டோவில் வலது பக்கம் நிற்கிற மாமாவின் மீசை மயிர் மயிராகத் தெரிகிறது, இடது பக்கம் நிற்கிற சித்தப்பாவுக்குக் கரி பூசின மாதிரி இருக்கிறது. என் கைதான் ஆடுகிறது என்று நினைத்தேன். கடைக்குப் போன் போட்டால் அவரும் அதையே சொன்னார், "தம்பி, ஸ்டாண்ட்ல வச்சு எடுத்துப் பாருங்க."

ஸ்டாண்டில் வைத்து எதை எடுப்பது, எப்படி எடுப்பது என்பதை உங்களிடம்தான் கற்றேன். எங்கள் எதிர்மலையில் ஒரு தேயிலை ஃபேக்டரி. மலையகத்து ஃபேக்டரிகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கொழுந்து வாட்டுகிற மேல்மாடிகளில் வரிசை வரிசையாக ஜன்னல், ஒரே அளவு, ஒரே இடைவெளி. இதைவிட நல்ல சோதனை அட்டையை எந்தக் கம்பெனியும் அச்சடிக்கவில்லை. பனி விலகுகிற ஒரு காலையில், ஜன்னல் வரிசை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை வருகிற மாதிரி ஒரு படம், அப்புறம் கமராவைத் தலைகீழாகத் திருப்பி இன்னொன்று. முதல் படத்தில் ஃபேக்டரியின் இடது கோடி ஜன்னல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கஞ்சியாகிக் கிடந்தன. இரண்டாவதில் ஃபேக்டரி அங்கேயேதான் நிற்கிறது, ஆனால் கஞ்சி வலது கோடிக்குப் போய்விட்டது. கோளாறு லென்ஸோடு சேர்ந்து சுற்றுகிறது. என் கையும் இல்லை, பனியும் இல்லை, உள்ளே ஏதோ ஒரு கண்ணாடி மையம் விலகி உட்கார்ந்திருக்கிறது.

கடையில் இரண்டு படத்தையும் போனில் பெரிசாக்கிக் காட்டினேன். அவர் ஒன்றும் பேசவில்லை, உள்ளே போய் வேறொன்றை எடுத்துவந்து மேசையில் வைத்தார். அதையும் கடை வாசலில் நின்று எதிர்க் கட்டிடத்து ஜன்னலில் பிடித்துப் பார்த்த பிறகுதான் கிளம்பினேன். இன்றைக்கும் அதுதான் சோறு போடுகிறது.

ஒரே பெயர், ஒரே பெட்டி, ஒரே விலை, ஆனால் ஒரு லென்ஸ் மாதிரி இன்னொன்று இருக்காது. இது எனக்குத் தெரியாமலே இருந்தது. லென்ஸின் கூர்மையைக் காட்டக் கம்பெனிகள் வெளியிடுகிற எம்டிஎஃப் கோடுகளில் பல, வடிவமைப்பை வைத்துக் கணினி போட்ட கணக்கு, பெட்டியிலிருந்து எடுத்த லென்ஸை அளந்து போட்டது இல்லை. லென்ஸ்ரென்டல்ஸ் என்ற வாடகைக் கம்பெனியைத் தொடங்கிய ரோஜர் சிக்காலா, ஆள் அடிப்படையில் டாக்டர், ஒரே லென்ஸில் பல பிரதிகளை வரிசையாக மெஷினில் ஏற்றி, எது எவ்வளவு விலகுகிறது என்று எல்லாருக்கும் தெரிகிற மாதிரி எழுதினார். விற்கிறவன் சொல்ல மாட்டான். வாங்குகிற நமக்கு ஒன்றுக்கு மேல் கையில் கிடைக்காது. அதனால்தான் இடையில் ஒரு ஆள் வேண்டியிருக்கிறது, அந்த ஆள் யாருக்கும் கடமைப்படாமல் இருப்பது முக்கியம்.

கம்பெனி கொடுத்தனுப்பிய லென்ஸை வைத்துக்கொண்டு, அது சந்தைக்கு வருகிற அன்றே, கடற்கரையில் ஒரு பெண்ணை நடக்கவிட்டு எடுத்துப் போட்டு 'பிரமாதம்' என்கிறவர்களையும் பார்த்திருக்கிறேன். அவர்கள் பொய் சொல்கிறார்கள் என்று சொல்ல வரவில்லை. அடுத்த லென்ஸும் வர வேண்டுமே என்ற நினைப்பு நாக்கில் எங்கோ உட்கார்ந்திருக்கும், அவ்வளவுதான். தட்டினால் கமிஷன் வருகிற இணைப்பைப் போட்டுவிட்டு அதை வெளிப்படையாகச் சொல்கிறவர் மேல் எனக்குக் கோபமே கிடையாது, அவருக்கும் வயிறு இருக்கிறது.

உங்களோடு சேர்ந்து, கேட்டதற்கெல்லாம் ராத்திரி இரண்டு மணிக்கும் பதில் போடுகிற முகம் தெரியாத ஆட்களையும் சொல்ல வேண்டும். எங்கள் ஊரின் சாபக்கேடு பூஞ்சணம். மே மாதம் தென்மேற்கு மழை பிடித்தால் செப்டம்பர் வரை துணியே காயாது, லென்ஸ் எங்கே காயும்? முன்கண்ணாடிக்கு உள்ளே சிலந்தி நூல் மாதிரி ஒன்றைப் பார்த்துவிட்டுப் பதறிப்போய்ப் படம் எடுத்துக் கேட்டேன். ஒருவர் பொறுமையாக விளக்கினார்: ஆரம்பத்தில் துடைத்து எடுக்கலாம், விட்டுவிட்டால் அது மேல்பூச்சையே அரித்துத் தடம் போட்டுவிடும், அரிசிக்குள் புதைத்து வைக்காதே, மாவும் தூசியும்தான் மிச்சம், காற்றுப் போகாத டப்பா, சிலிக்கா ஜெல், ஈரப்பதம் காட்டுகிற சின்ன மீட்டர், முள்ளை 40க்கும் 50க்கும் நடுவில் வை. அதன்படிதான் செய்கிறேன். சிலிக்கா ஜெல்லின் நீல மணிகள் ஈரம் குடித்து ரோசாவாக மாறினால் ஒரு பழைய தாச்சியில் போட்டு மெல்லிய நெருப்பில் வறுத்தால் திரும்ப நீலமாகிவிடும். முதல் தடவை அம்மா பார்த்துவிட்டு "என்னடா, கல்ல வறுக்கிற?" என்று கேட்டுச்சு. (அந்தத் தாச்சியில் அப்புறம் சமைக்கக் கூடாது, அந்த நீலத்தில் விஷம் இருக்கிறது. அதையும் அந்த முகம் தெரியாத ஆள்தான் எச்சரித்தார்.)

இதெல்லாம் நிரந்தரம் என்று நினைத்திருந்தேன். 2023 மார்ச்சில், 1998 இலிருந்து இருந்த டிபிரிவியூ என்ற கமராச் சோதனை இணையதளத்தை மூடப்போகிறோம் என்று அறிவித்தார்களே, அன்றைக்கு ராத்திரி எனக்குத் தேவைப்பட்ட பழைய சோதனைகளை ஒவ்வொன்றாக இறக்கி வைத்துக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருந்தேன். ஜூன் மாதம் வேறு ஆட்கள் வாங்கி அதைக் காப்பாற்றினார்கள். இறக்கியதை நான் இன்னும் அழிக்கவில்லை.

சரி, குறை ஒன்றும் இருக்கிறது. நீங்கள் சோதிக்கிற இடமெல்லாம் வெயில் அடிக்கிற ஊர். செங்கல் சுவர், காய்ந்த தெரு, தெளிந்த வானம். எங்களுக்குத் தெரிய வேண்டியது வேறு. மூடுபனிக்குப் பின்னாலிருந்து சூரியன் வரும்போது படம் முழுக்கப் பால் ஊற்றின மாதிரி வெளுக்கிறதா? வெள்ளைப் பனியில் பிடிமானம் கிடைக்காமல் ஃபோகஸ் முன்னும் பின்னும் அலைகிறதா? சிவனொளிபாதமலை யாத்திரை சீசனில் 2,243 மீட்டர் உச்சியில் விடியக்காலை குளிரில் நின்றுவிட்டுத் தேத்தண்ணிக் கடைக்குள் நுழைந்தால் கண்ணாடி வியர்த்துவிடும், அது வெளியில் மட்டும் நிற்குமா, உள்ளேயும் இறங்குமா? ஈரத்துக்குத் தாங்கும் என்று பெட்டியில் எழுதியிருப்பதை நம்பி நான் எத்தனை மணி நேரம் தூறலில் நிற்கலாம்? இதையெல்லாம் கொஞ்சம் சோதியுங்கள். இன்னொன்று, புது லென்ஸையே துரத்தாதீர்கள். எங்கள் கைக்கு வருவது பத்து, பதினைந்து வருஷப் பழசு. அந்தக் காலத்துச் சோதனைகளை இன்றைய கமராவில் ஒரு தடவை திரும்பச் செய்தால் பெரிய புண்ணியம்.

கூர்மை, கூர்மை என்று மட்டும் போய்விடாதீர்கள் என்றும் சொல்லத் தோன்றுகிறது, ஆனால் உங்களில் நல்லவர்கள் அதை ஏற்கெனவே சொல்கிறீர்கள். நோர்வூட் தாண்டிப் பொகவந்தலாவைக்கு ஆல்பம் கொடுக்கப் போகும்போது செயின்ட் மேரிஸ் தேவாலயத்தில் சில நேரம் இறங்குவேன். ஜூலியா மார்கரெட் கேமரன் என்ற அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் போட்டோக்காரர் அங்கேதான் புதைக்கப்பட்டிருக்கிறார். 1863 இல், 48 வயதில், மகள் வாங்கிக் கொடுத்த கமராவோடு தொடங்கிய அம்மா, 1875 இல் புருஷனோடு இலங்கைக்கு வந்து 1879 இல் டிக்கோயாவில் செத்துப்போனார். ஃபோகஸ் சரியில்லை, மங்கல் என்று அந்தக் காலத்து விமர்சகர்கள் அவரை வறுத்தெடுத்தார்கள். இங்கே வந்த பிறகும் இங்கத்தைய சனங்களைப் படம் எடுத்தார், யார் எவர் என்று பெரும்பாலும் பெயர்தான் எழுதி வைக்கவில்லை. அவருடைய லென்ஸை உங்களிடம் கொடுத்தால் ஓரங்களுக்கு எத்தனை மார்க் போடுவீர்கள் என்று யோசித்துச் சிரித்துக்கொள்வேன். எடுத்தவர் பெயர் தெரிகிறது, படத்தில் இருப்பவர் பெயர் தெரியவில்லை. அதுதான் எனக்கு உறுத்தும், மங்கல் இல்லை. அதனால் என் ஆல்பங்களில் கடைசிப் பக்கத்தில், குரூப் போட்டோவில் நிற்கிற எல்லார் பெயரையும் கேட்டு எழுதிவிடுகிறேன், சின்னப் பிள்ளைகள் உட்பட.

இந்தப் பக்கம் வர முடிந்தால் ஆடி மாதம் வாருங்கள், பனியும் மழையும் கேட்காமலே கிடைக்கும். சோதிக்கிற லென்ஸோடு ஒரு நல்ல பிளாஸ்டிக் பையும் எடுத்துவாருங்கள். எதிர்மலை ஃபேக்டரியின் ஜன்னல்களை எண்ணி வைத்திருக்கிறேன், மாடிக்கு இருபத்திரண்டு. மூன்றாம் மாடியில் ஒன்றுக்குக் கண்ணாடி இல்லை, தகரம் அடித்திருக்கிறார்கள். உங்கள் லென்ஸில் அந்தத் தகரத்தின் ஆணி தெரிகிறதா என்று பார்த்துவிடலாம்.

அன்புடன்,
ஹட்டன் பக்கத்துக் கல்யாணப் போட்டோக்காரன்