'முழு உடல்' என்று எழுதித் தந்த பாதி ஸ்கேன்: புகார்

மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். போன மாதம் 12ஆம் தேதி உங்கள் மையத்தில் என் அம்மாவுக்கு, உடம்பில் ஒளிந்திருக்கும் கட்டியைத் தேடும் கேலியம் 68 டோட்டாடேட் பெட் ஸ்கேன் எடுத்தோம். 'உச்சி முதல் உள்ளங்கால் வரை' என்று சீட்டில் எழுதி, அடிக்கோடும் போட்டிருந்தார் டாக்டர். நீங்கள் எடுத்தது மண்டையோட்டின் அடியிலிருந்து நடுத்தொடை வரைதான். ஆனால் அறிக்கையின் தலைப்பு 'முழு உடல்'. முடிவு 'கட்டி எதுவும் இல்லை'.

அம்மாவுக்கு வயது 58. மூன்று வருடமாக எலும்பு வலி. கீழே விழாமலேயே இடுப்பிலும் விலாவிலும் எலும்பு விரிசல். வாதம் என்று மாத்திரை, அப்புறம் வைட்டமின் டி ஊசி, எதுவும் கேட்கவில்லை. கடைசியில் ஹார்மோன் டாக்டர் ஒருவர்தான் ரத்தத்தில் பாஸ்பரஸ் பார்த்தார்: 1.4. குறைந்தது 2.5 இருக்க வேண்டுமாம். எங்கோ ஒளிந்திருக்கும் சின்னக் கட்டி எஃப்.ஜி.எஃப்.23 என்ற ஹார்மோனைச் சுரக்கிறது, அதனால் பாஸ்பேட் எல்லாம் சிறுநீரில் போய் எலும்பு பலவீனமாகிறது என்றார். கட்டியை முழுதாக எடுத்துவிட்டால் சில நாளிலேயே பாஸ்பரஸ் ஏறிவிடும். கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். டோட்டாடேட் மருந்து அந்தக் கட்டியில் போய் ஒட்டிக்கொள்ளும், ஒட்டிய இடம் படத்தில் பளிச்சென்று தெரியும். பாதத்தில்கூட இருக்கலாம் என்பதால்தான் அந்த அடிக்கோடு.

மேசையில் படுக்கும்போது அம்மா வலது குதிகாலைத் தொட்டு, "தம்பி, இங்க புளியங்கொட்டை மாதிரி ஒண்ணு தட்டுப்படுது, இதையும் பாருப்பா" என்று சொல்லியிருக்கிறார். "எல்லாருக்கும் தொடை வரைக்கும்தாம்மா" என்று பதில் வந்திருக்கிறது. மருந்து உடம்பில் இருந்த அந்த நேரத்திலேயே காலையும் எடுத்திருக்கலாம். அந்த மருந்தில் இருக்கும் கதிரியக்கப் பொருளான கேலியம் 68இன் வீரியம் 68 நிமிடத்தில் பாதியாகிவிடும். இனி மறுபடி ஊசி போட்டாக வேண்டும். அதற்கும் முழுக் கட்டணம் என்கிறார் போன் எடுத்தவர்.

டாக்டர் படங்களையே திறந்து பார்த்ததால் விஷயம் தெரிந்தது. அறிக்கையை மட்டும் நம்பியிருந்தால் கட்டியைத் தேடுவதையே நிறுத்தியிருப்போம். பணத்தைவிட அதை நினைத்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது.

ஸ்கேனைக் கட்டணமின்றி உச்சி முதல் பாதம் வரை மறுபடி எடுத்துக் கொடுங்கள். பழைய அறிக்கையில் எந்த இடம் வரை எடுத்தீர்கள் என்பதைத் திருத்தி எழுதுங்கள். ஊசி போடும் முன் டாக்டர் சீட்டை ஒருவர் வாசிக்க ஏற்பாடு செய்யுங்கள். 10 நாளில் பதில் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போவேன்.

தேதி கொடுக்கும்போது காலை நேரமாகக் கொடுங்கள். அம்மாவால் அதிக நேரம் உட்கார முடியாது.

இப்படிக்கு,
நோயாளியின் மகள்