எருமையைப் பார்க்காமல் தலைவனைத் தேடாதீர்கள்

காவிரிப் படுகைப் பள்ளிகளின் தமிழாசிரியப் பெருமக்களுக்கும், மேல்நிலை வகுப்புகளுக்குத் தமிழ் வினாத்தாள் எழுதுவோருக்கும்,

வணக்கம்.

வெண்ணாற்றங்கரையில் உள்ள ஒரு சிற்றூரில், பள்ளி விட்டு வரும் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாலை நேரங்களில் தமிழ் சொல்லித்தருகிறேன். சங்கப் பாடல் நடக்கும் காலங்களில் அவர்களுடைய ஏடுகளில் ஒரே மாதிரியான பக்கம் ஒன்றைப் பார்க்கிறேன். பக்கத்தின் நடுவே மேலிருந்து கீழாக ஒரு கோடு. இடப்பக்கம் எருமை, வேலி, தாமரை, வண்டு. வலப்பக்கம் தலைவன், காவல், பரத்தை, பாணன். மேலே ‘உள்ளுறை’ என்று அடிக்கோடிட்ட தலைப்பு. இயற்கைக் காட்சி ஒன்றைச் சொல்லி, சொல்லாத இன்னொரு பொருளை அதனுள் உணர்த்துவதற்கு அந்தப் பெயர். அந்தப் பக்கத்தை மனப்பாடம் செய்தால் மதிப்பெண் வந்துவிடுகிறது. பாட்டைப் படிக்கவேண்டிய தேவையே எழுவதில்லை. பிள்ளைகளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கேள்வி எப்படி இருக்கிறதோ அப்படித்தான் படிப்பும் இருக்கும். கேள்வியை எழுதுகிறவர்கள் நீங்கள். அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

அகநானூற்றின் 46ஆம் பாடலையே எடுத்துக்கொள்வோம். அள்ளூர் நன்முல்லையார் பாடியது. பரத்தையிடம் போய்விட்டுத் திரும்பிவந்து வாயிலில் நிற்கிற தலைவனிடம் தோழி பேசுகிறாள்.

சேற்றுநிலை முனைஇய செங்கட் காரான்
ஊர்மடி கங்குலில் நோன்தளை பரிந்து
கூர்முள் வேலி கோட்டின் நீக்கி
நீர்முதிர் பழனத்து மீன்உடன் இரிய
அம்தூம்பு வள்ளை மயக்கித் தாமரை
வண்டூது பனிமலர் ஆரும் ஊர!

‘காரான்’ என்றால் எருமை; ‘சேற்றுநிலை முனைஇய’ என்றால் சேற்றில் நிற்பதை வெறுத்த. ‘எருமை யாரைக் குறிக்கிறது?’ என்று கேட்டால் ஒரு சொல்லில் விடை வந்துவிடும். இந்தப் பாட்டை நான் சொல்லித்தந்தபோது, வீட்டில் எருமை கட்டியிருக்கும் ஒரு பையன் முதல் அடியிலேயே என்னை நிறுத்தினான். “எருமைக்கு எங்கே சேறு வெறுக்கும்? எங்கள் எருமை சேற்றில் படுத்தால் எழுப்புவதற்குள் பொழுது போய்விடும்” என்றான். அவன் கேட்டது நியாயமான கேள்வி. விடையையும் அவனே கண்டுபிடித்தான். புரண்டு கிடக்கிற குளத்துச் சேறு வேறு, கட்டுத்தறியில் சாணமும் கோமியமும் மிதிபட்டு ஊறிக் கிடக்கும் தொழுவத்துச் சேறு வேறு. அதில் இரவெல்லாம் கட்டுண்டு நிற்பதைத்தான் இந்த எருமை வெறுக்கிறது.

அந்த ஒரு விளக்கம் கிடைத்ததும் வகுப்பே எழுந்து உட்கார்ந்தது. அப்படியானால் தலைவியின் வீடு தொழுவமா? வீட்டைச் சேறாக நினைத்தது தோழியா, தலைவனா? தன் தலைவியின் வீட்டைத் தோழி இழித்துச் சொல்வாளா? அவன் மனத்தில் இருந்ததைத்தான் எடுத்து அவன் முகத்துக்கு நேரே வைக்கிறாள் என்று ஒரு மாணவி சொன்னாள். நான் அதை ஏற்கிறேன். ஊர் மடிந்த இரவில் கயிறு அறுகிறது. முள்வேலியைக் கொம்பால் தள்ளிவிட்டுப் போகிறது. முள் அதன் தோலில் படவே இல்லை. ஊரின் பழிச்சொல் இந்த மனிதனைத் தொடாமல் போனது ஏன் என்பதற்கு அந்த அடியில் விடை இருக்கிறது. மீன்கள் சிதறுகின்றன, வள்ளைக்கொடி சிக்கிக் குழம்புகிறது. இவ்வளவு கலக்கமும் தாமரைப் பூக்களைத் தின்பதற்காக. பூவை வண்டு ஊதுகிறது, எருமை மென்று தின்கிறது. “அப்படியென்றால் தாமரைக்கும் அழிவுதானே?” என்று இன்னொரு பிள்ளை கேட்டாள். தாமரை பரத்தை என்று ஏட்டில் எழுதி வைத்திருந்தவள்தான் அவளும். பரத்தைக்காக இரங்க இந்தப் பாட்டில் இடம் இருக்கிறது என்பது அவள் கோடு போட்டுப் பிரித்த அந்தப் பக்கத்தில் இல்லை, பாட்டில் இருக்கிறது.

இதே பாட்டு ‘சென்றீ பெரும! நிற்றகைக்குநர் யாரோ’ என்று முடிகிறது. போய்வா பெருமானே, உன்னைத் தடுப்பவர் யார்? கயிற்றையும் வேலியையும் கேட்டுவிட்டு வந்த காதில் இந்த அடி எப்படி விழுகிறது என்று பாருங்கள். கட்டிய கயிறே தடுக்கவில்லை, முள்ளே தடுக்கவில்லை, நாங்களா தடுக்கப்போகிறோம்? முதல் அடிகளும் கடைசி அடியும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கின்றன. இதை எந்தப் பட்டியலில் எழுதுவீர்கள்?

குறுந்தொகையின் 8ஆம் பாடல் இன்னும் சிறியது. ஆலங்குடி வங்கனார் பாடியது, பேசுகிறவள் பரத்தை. கழனி ஓரத்து மாமரத்தில் கனிந்து தானே உதிரும் பழத்தைப் பொய்கை வாளைமீன் கவ்வும் ஊருக்கு உரியவன் என்கிறாள். வாளை மரம் ஏறவில்லை, தாவவும் இல்லை. பழுத்தது, விழுந்தது, வாயில் சிக்கியது. ‘நான் அவனை மயக்கினேன் என்கிறாயே, அவன் தானாக வந்து விழுந்தவன்’ என்று தலைவிக்குச் சொல்லாமல் சொல்லிவிட்டாள். அதே மூச்சில், அவனுடைய சொந்த வீட்டில் அவன் எப்படி இருக்கிறான் என்பதற்கு ‘ஆடிப் பாவை போல’ என்று வெளிப்படையான உவமை. மனைவி கையைத் தூக்கினால் அவனும் தூக்குவான், கண்ணாடிப் பிம்பத்தைப் போல. ஆறே அடிகளில் ஒளித்துச் சொல்வதும் திறந்து சொல்வதும் அடுத்தடுத்து நிற்கின்றன. தன்னைப் பற்றியதை ஒளித்தாள், மனைவிக்கு அடங்கிய கணவனைப் பற்றியதைத் திறந்து போட்டாள். ஏன் அப்படி? இந்த ஒரு கேள்விக்கு ஒரு மாணவன் பத்து வரி எழுதினால் அவனுக்கு உள்ளுறை தெரியும் என்று நான் ஒப்புக்கொள்வேன். நம் பக்கத்து உத்தமதானபுரத்தைச் சேர்ந்த உ.வே.சாமிநாதையர் 1937இல் உரையோடு பதிப்பித்துத் தந்த நூல் இது. அவர் ஊரைச் சுற்றியிருக்கிற பள்ளிகளிலாவது இதை வாளையும் மாம்பழமுமாகப் படிக்கவேண்டாமா?

இந்த வழியை நான் புதிதாகச் சொல்லவில்லை. தொல்காப்பியம் அகத்திணையியலில் சொல்லிவிட்டது: ‘உள்ளுறை தெய்வம் ஒழிந்ததை நிலம் எனக் கொள்ளும்’. ஒரு நிலத்துக்கு உரியவையான கருப்பொருள்களில் தெய்வத்தை விலக்கிவிட்டு, மற்றவற்றை இடமாகக் கொண்டு உள்ளுறை பிறக்கும் என்கிறது நூற்பா. விலங்கு, மரம், பறவை, உணவு, தொழில் இவையெல்லாம் கண்ணால் பார்க்கக்கூடியவை, கையால் தொடக்கூடியவை. அவற்றின் இயல்பு தெரியாதவனுக்கு உள்ளுறையின் கதவு திறக்காது. ஐங்குறுநூற்றில் ஓரம்போகியார் பாடிய, வயல் நிலத்துக்குரிய மருதத்தில் நண்டுக்கென்று ஒரு பத்து இருக்கிறது, எருமைக்கென்று ஒரு பத்து இருக்கிறது. நண்டின் நீண்ட கண்ணை வேப்பம்பூவின் மொட்டோடு ஒப்பிடுகிறார் அவர். வரப்பில் வளை தோண்டி நீரை வடித்துவிடும் நண்டைத் திட்டிக்கொண்டே வளர்கிற பிள்ளைகள் நம் பிள்ளைகள். குறுவை, சம்பா, தாளடி என்று பட்டம் மாறும்போதெல்லாம் வயலில் என்ன மாறுகிறது என்று அவர்களுக்குத் தெரியும். மருதத்திணையைப் படிக்க இவர்களைவிடத் தகுதியானவர்கள் உண்டா? அந்தத் தகுதியை வகுப்பறைக்கு வெளியே விட்டுவிட்டு வரச் சொல்கிறோம். எனக்கு ஆற்றாமை இதில்தான்.

பட்டியல் போட்டுப் படிக்கக்கூடிய பாட்டும் தமிழில் உண்டு. ‘நந்தவனத்தில் ஓர் ஆண்டி’ என்ற கடுவெளிச் சித்தர் பாடலை எல்லோரும் அறிவோம். ஆண்டி உயிர், குயவன் படைத்தவன், தோண்டி உடல், நாலும் ஆறும் கூட்டிய பத்து மாதம் கருவிருந்த காலம். ஒவ்வொன்றுக்கும் ஓர் இணை; அந்த இணைகளைக் கண்டுகொண்டால் பாட்டின் பெரும்பகுதி கைக்கு வந்துவிடும். பாடியவர் அப்படித்தான் கட்டினார். உருவகத்தையே கதையாக நீட்டும் இந்த வகைக்கு ‘எது எதைக் குறிக்கிறது’ என்ற கேள்வி பொருந்தும். அதே கேள்வியை அகப்பாட்டின் மீதும் போட்டதுதான் தவறு. அகப்பாட்டில் எருமை முழுக்க எருமையாகவும் இருக்கவேண்டும். அது நிஜமாகவே கயிற்றை அறுக்கவேண்டும், பூவைத் தின்னவேண்டும்.

அப்படியானால் எல்லாப் பாட்டிலும் மாணவன் தனக்குத் தோன்றியதை எழுதலாமா என்று நீங்கள் கேட்பீர்கள். கூடாது. குறிப்பைத் தவறாகக் கொள்வதால் என்ன நேரும் என்பதைக் காவிரி கடலில் சேரும் இடத்தில் வைத்தே இளங்கோவடிகள் காட்டியிருக்கிறார். இந்திர விழாவின்போது புகார்க் கடற்கரையில் கோவலன் யாழை வாங்கிக் காவிரியைப் பாடுகிறான். ‘கங்கை தன்னைப் புணர்ந்தாலும் புலவாய் வாழி காவேரி’ என்கிறான். சோழனைப் புகழ்கிற பாட்டாகவே அது குறையின்றி நிற்கிறது. மாதவியோ ‘மன்னும் ஓர் குறிப்பு உண்டு இவன் தன் நிலை மயங்கினான்’ என்று கொள்கிறாள். வேறொருத்தி மேல் மனம் வைத்துவிட்டான் என்பது அவள் கேட்ட பொருள். ஊடலால் யாழை வாங்கி, தானும் ஒரு குறிப்பு உடையவள் போலப் பாடுகிறாள். அவள் பாட்டைக் கேட்ட கோவலன் அவளை ‘மாயத்தாள்’ என்கிறான், எழுந்து போய்விடுகிறான். மதுரைக்குப் போகும் வழி அங்கே தொடங்குகிறது. அவன் மனத்தில் வேறொருத்தி இருந்தாள் என்று இளங்கோ எங்கும் சொல்லவில்லை. யாழிசையின் மேல் வைத்து ஊழ்வினை வந்து உருத்தது என்று மட்டும் சொல்கிறார். பூம்புகாருக்குப் பிள்ளைகளைச் சுற்றுலா அழைத்துப் போகும் ஆசிரியர்களே, கலைக்கூடத்தைக் காட்டிய பிறகு கடற்கரை மணலில் உட்காரவைத்துக் கானல்வரியின் இந்த இடத்தைப் படித்துக் காட்டுங்கள். படிப்பு என்பது எவ்வளவு பொறுப்பான வேலை என்று அவர்களுக்கு விளங்கும்.

எருமைப் பாட்டில் நாம் கொண்ட பொருளும் மாதவி கொண்ட பொருளும் எதில் வேறுபடுகின்றன? அகப்பாட்டில் கயிறு, வேலி, இரவு, பூ, கடைசிக் கேள்வி எல்லாம் ஒரே திசையில் நகர்கின்றன. யார், யாரிடம், எந்த நேரத்தில் பேசுகிறார் என்பது அந்தத் திசையை உறுதி செய்கிறது. மாதவி கையில் இருந்தது ஏற்கெனவே குமைந்திருந்த ஓர் ஐயமும் பாட்டின் சில அடிகளும்தான். இந்த வேறுபாட்டைச் சொல்லத் தெரிந்த மாணவன் செய்தித்தாளையும் மேடைப் பேச்சையும்கூடக் கவனமாகக் கேட்பான். பாரதியார் குயில் பாட்டின் முடிவில் புலவர்களைப் பார்த்து, வேதாந்தமாக விரித்துப் பொருளுரைக்க ‘யாதானுஞ் சற்றே இடமிருந்தாற் கூறீரோ?’ என்று கேட்டார். ‘இடமிருந்தால்’ என்ற அந்த நிபந்தனையை நான் மிகவும் மதிக்கிறேன். பாட்டில் இடம் இருக்கிறதா என்று முதலில் பார்க்கவேண்டும்.

ஆகவே வினாத்தாள் எழுதும்போது கேள்வியைக் கொஞ்சம் திருப்பிக் கேளுங்கள். ‘கூர்முள் வேலி கோட்டின் நீக்கி’ என்ற அடியை எடுத்துவிட்டால் இந்தப் பாட்டில் எது குறையும்? இதையே தலைவி சொல்லியிருந்தால் எருமையைச் சொல்லியிருப்பாளா? தாமரை பரத்தையைக் குறிக்கிறது என்பதற்குப் பாட்டிலிருந்து ஒரு சான்றும், அதற்கு மாறாக ஒரு சான்றும் தருக. இப்படிக் கேட்டால் மனப்பாட ஏடு உதவாது, பாட்டைத்தான் திறக்கவேண்டும். திருத்துகிறவர்களுக்கு வேலை கூடும் என்பது உண்மை. விடைக்குறிப்பில் ஒரே விடையை எழுதி வைக்காமல், ‘அடியைச் சான்று காட்டிக் காரணம் சொன்னால் மதிப்பெண்’ என்று ஒரு வரி சேர்த்தால் போதும், அந்தச் சுமையும் பெரிதும் குறையும்.

வகுப்பில் பாடம் எடுப்போருக்கும் ஒரு வேண்டுகோள். உள்ளுறை நடத்துவதற்கு முந்தைய நாள், எருமை வளர்ப்பவரையோ நாற்று நடுகிற அம்மாவையோ ஒருமணி நேரம் வகுப்புக்கு அழைத்துப் பேசச் சொல்லுங்கள். தொழுவத்துச் சேற்றைப் பற்றி அவர்கள் சொல்வதை உரைநூல் எதிலும் நான் பார்த்ததில்லை. இப்படிப்பட்ட கேள்விகளை எட்டுத்தொகையின் மருதப் பாடல்களுக்கு எழுதி வைத்திருக்கிறேன். வேண்டுகிற ஆசிரியர் யாராயினும் படியெடுத்துத் தருகிறேன். திருத்தியும் மறுத்தும் திருப்பி அனுப்பினால் இன்னும் மகிழ்வேன்.

இப்படிக்கு,
வெண்ணாற்றங்கரைத் தமிழாசிரியை ஒருத்தி