த்ரோ இன்னில் ஆஃப்சைடு கிடையாது, தம்பி

அன்பு மகனுக்கு,

ரங்கூனிலிருந்து அப்பா எழுதுவது. அம்மாவும் நானும் சுகம். மழைதான் விட்டபாடில்லை.

போன கால்பந்து ஆட்டத்தில், பயிற்சியாளரான நீ ஆஃப்சைடு என்று கத்தி மஞ்சள் அட்டை வாங்கியதையும், அந்த நடுவரை இனி நம்ப மாட்டேன் என்று நீ சொன்னதையும் தங்கச்சி சொன்னாள். பக்கக் கோட்டுக்கு வெளியிலிருந்து கையால் எறிகிற த்ரோ இன் பந்தை நேராக வாங்கித்தானே எதிரணிப் பையன் கோல் போட்டான்? பந்து வரும் முன்பே எதிரணியின் கோல் பக்கம் முந்திப் போய் நிற்கிற ஆஃப்சைடு தவறைப் பற்றிய 11-ஆம் கால்பந்து விதியை எடுத்துப் பார். த்ரோ இன், கோல் கிக், கார்னர் இந்த மூன்றிலும் பந்தை நேராக வாங்குகிறவனுக்கு ஆஃப்சைடு கிடையாது. நடுவர் கொடுத்தது சரி. பயிற்சியாளருக்கும் அட்டை காட்டலாம் என்று 2019-இல் விதியே வந்துவிட்டது. பெஞ்சில் கத்தியது யாரென்று தெரியாவிட்டால், அங்கே இருக்கும் தலைமைப் பயிற்சியாளருக்குத்தான் அட்டை.

1966-லும் 1970-லும் ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் தங்கம் வாங்கிய நாடு இந்தப் பர்மா. டீக்கடையில் உட்கார்ந்தவரெல்லாம் ஆளுக்கொரு விதி சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற நீ அப்படி இருக்கலாமா?

நான் துணை நடுவராகக் கொடி பிடித்த ஓர் ஆட்டம். ஆஃப்சைடு என்று கொடியைத் தூக்கியபடி நிற்கிறேன். நடுவர் கவனிக்காமல் கோல் என்று கை காட்டிவிட்டார். கோல் வாங்கிய அணியின் பயிற்சியாளர் ஒரு வாத்தியார். இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. கேப்டனைக் கூப்பிட்டுக் காதில் ஏதோ சொன்னார். பையன் ஓடிப்போய், "சயா (ஐயா), கொடியைப் பாருங்கள்" என்றான். நடுவர் என்னிடம் வந்து கேட்டார், கோலை ரத்து செய்தார். ஆட்டம் மறுபடி தொடங்கியிருந்தால் அதை மாற்ற விதியில் இடமில்லை. அது வாத்தியாருக்குத் தெரியும். அவர் மைதானத்துக்குள் பாய்ந்திருந்தால் நடுவர் அவரை அடக்கத்தான் பார்த்திருப்பார், என் பக்கம் திரும்பியிருக்க மாட்டார். அதற்குப் பிறகு அந்த வாத்தியார் எது கேட்டாலும் நடுவர்கள் நின்று பதில் சொன்னார்கள்.

எல்லா நடுவரும் அப்படியல்ல. காரணம் கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறவர்களும் உண்டு, எனக்கே அவர்கள்மேல் கோபம் வரும். ஆனாலும் விதி தெரிந்து கேட்கிறவனை அவர்களாலும் லேசில் தட்டிக்கழிக்க முடியாது.

17 விதிகள்தான். கால்பந்து விதிகளை வகுக்கிற ஐஎஃப்ஏபி அமைப்பின் இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. ராத்திரிக்கு ஒரு விதியாகப் பையன்களோடு உட்கார்ந்து படி. அந்த நடுவரை அடுத்த முறை பார்க்கும்போது, ஆட்டத்துக்கு முன்பே போய், "அன்றைக்கு நீங்கள் கொடுத்தது சரி" என்று பையன்கள் முன்னாலேயே சொல்லிவிடு. என்ன சொன்னார் என்று எனக்குப் போன் பண்ணு.

அன்புடன்,
அப்பா