என் உடலில் இரசாயனத்துக்கு இடமில்லையாம்!

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு இணைப்பிதழில் இலைக்கஞ்சி பற்றி வந்த கட்டுரையை வாசித்தேன். கஞ்சியில் எனக்கு ஒரு கோபமும் இல்லை. வாரத்தில் மூன்று நாள் வல்லாரைக் கஞ்சி காய்ச்சுகிறவள்தான் நானும். ஆனால் கடைசிப் பந்தியில், மனித உடல் இயற்கையானது, அதில் இரசாயனத்துக்கு இடமே இல்லை என்று ஒரு வரி இருந்ததே, அதை வாசித்தபிறகு கையிலிருந்த தேநீர் ஆறிப்போனதுகூடத் தெரியவில்லை. முப்பத்தொரு வருடம் விஞ்ஞானம் படிப்பித்தவள் நான். அந்த வரி சரியென்றால் வாங்கிய சம்பளத்தை அரசாங்கத்திடம் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

தாங்கள் அறியாததல்ல. 60 கிலோ எடையுள்ள ஒருவரில் ஏறக்குறைய 39 கிலோ ஒட்சிசன், 11 கிலோ காபன், 6 கிலோ ஐதரசன், 2 கிலோவுக்குச் சற்றுக் குறைய நைதரசன். கல்சியம், பொசுபரசு, இரும்பு என்று மிச்சமெல்லாம் சேர்த்தாலும் இரண்டரைக் கிலோ வராது. இரசாயனத்துக்கு இடமில்லை என்று இவற்றை வெளியே எடுத்தால் இடம் மட்டும்தான் மிஞ்சும், ஆள் மிஞ்சமாட்டார்.

கஞ்சியையே எடுப்போம். அரிசியில் இருப்பது மாப்பொருள், அதாவது சங்கிலியாகக் கோத்த குளுக்கோசு. வாயில் வைத்தவுடன் உமிழ்நீரின் அமைலேசு என்ற நொதியம் அந்தச் சங்கிலியை வெட்டத் தொடங்கும். சோற்றை நேரமெடுத்து மென்றால் இனிப்பது அதனால்தான். வல்லாரைக்குப் பச்சை நிறம் தரும் பச்சையத்தின் ஒவ்வொரு மூலக்கூறிலும் நடுவில் ஒரு மகனீசியம் அணு உட்கார்ந்திருக்கிறது. கட்டுரையாளரே பிழிந்துவிடச் சொன்ன தேசிக்காயில் சித்திரிக்கமிலமும் விற்றமின் சியும் உண்டு. கீரையின் இரும்பை உடல் எடுத்துக்கொள்ள அவை உதவுகின்றன. இரசாயனமில்லாத கஞ்சி வேண்டுமென்றால் வெறும் கோப்பையைத்தான் நீட்டலாம். சரியாகப் பார்த்தால் கோப்பையும் இருக்காது.

எண்பதுகளில் ஒரு நாள் வகுப்பில் பிள்ளைகளின் சாப்பாட்டுப் பார்சலிலிருந்து சோறு வாங்கி இரண்டு துளி அயடீன் விட்டேன். கருநீலமாக மாறியது. பின்வாங்கில் இருந்த ஒரு பிள்ளை, "ரீச்சர் சோத்துக்கு நஞ்சு வைச்சிட்டா" என்று அழத் தொடங்கிவிட்டது. அதற்கு அப்போது பன்னிரண்டு வயது. தங்கள் கட்டுரையாளருக்கு என்ன வயது என்று நான் கேட்கவில்லை.

இயற்கையானதெல்லாம் நல்லது என்ற பேச்சுக்கு மரவள்ளிக்கிழங்கே போதும். கிழங்கை வெட்டும்போது அதிலுள்ள லினமரின் என்ற பொருளும், அதுவரை தனியே இருந்த ஒரு நொதியமும் ஒன்றையொன்று தொட, ஐதரசன் சயனைட்டு வெளிவருகிறது. அதை எந்தக் கம்பனியும் கொண்டுவந்து தெளிக்கவில்லை. ஆனால் அந்த நஞ்சு 26 பாகை செல்சியசிலேயே கொதித்துப் பறந்துவிடும். பானையை மூடாமல் அவி என்று அம்மா சத்தம்போட்டது ஏன் என்று எனக்குப் பல்கலைக்கழகம் போன பிறகுதான் விளங்கியது. இறைச்சிக்கறியில் பப்பாசிக்காய்த் துண்டு போடுகிறவர்களும் நொதியத்தை வைத்துப் புரதத்தை உடைக்கிறவர்கள்தான். இன்றைய ரியூசன் பிள்ளைகளுக்கு நொதியத்தின் வரைவிலக்கணம் தலைகீழாகப் பாடம்; பப்பாசி மட்டும் நினைவுக்கு வராது. அது வேறு கதை.

இரசாயனம் என்ற சொல்லை நாம் அலட்சியமாகப் புழங்கியதற்கு விலை கொடுத்ததும் தங்களுக்குத் தெரியும். 2021இல் இலங்கையில் இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரேயடியாக நிறுத்தி, வயல்காரர் படாத பாடுபட்ட பிறகு, அதே வருடம் நவம்பரில் தடையை விலக்கினார்கள். அளவுக்கு மிஞ்சிப் போட்டால் மண்ணும் கிணறும் கெடும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் சாக்கில் வரும் யூரியாவும் நம் சிறுநீரில் போகும் யூரியாவும் ஒன்றேதான். 1828இல் ஜெர்மனியின் இரசாயன விஞ்ஞானி வோலர் அதைச் சிறுநீரகத்தின் உதவியில்லாமல் ஆய்வுகூடத்தில் உண்டாக்கிக் காட்டி இருநூறு வருடம் ஆகப்போகிறது. நம் பத்திரிகைகளுக்கு அந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை போலும்.

வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடிக்குக் கீழே ஒரு கடையில் "இரசாயனமற்ற" சிவப்பரிசி கூடுதல் விலைக்குப் போகிறது. என்ன இல்லை என்று கேட்டேன். "அன்ரி, இதுல கெமிக்கலே இல்ல" என்றான் பொடியன். மாப்பொருளும் இல்லையா என்று கேட்டதற்கு, "ஒண்டுமே இல்ல அன்ரி" என்று சத்தியம் பண்ணாத குறை.

இதில் எனக்கு ஆகவும் நோவது வேறொன்று. உயிர் தோன்றிய இரசாயனத்தையே ஆராய்ந்த சிறில் பொன்னம்பெரும பிறந்த நாடு இது. 1923இல் காலியில் பிறந்தவர், மதராசில் தத்துவம் படித்து, பிறகு இரசாயனத்துக்கு வந்து, நாசாவில் வேலை செய்தார். 1969இல் அவுஸ்திரேலியாவின் மேர்ச்சிசனில் விழுந்த விண்கல்லில், புரதங்களைக் கட்டும் அமினோ அமிலங்கள் இருப்பதாக அடுத்த வருடம் அவரது குழுதான் அறிவித்தது. பின்னர் கண்டியிலுள்ள அடிப்படைக் கற்கைகள் நிறுவனத்துக்கும் தலைமை தாங்கினார். அவரைப் பற்றி மூன்று வருடத்துக்கு முன் ஒன்றரைப் பக்கம் எழுதி அனுப்பினேன். தாங்கள் நான்கு வரி போட்டீர்கள். அதற்கும் நன்றிதான். ஆனால் அந்த நான்கு வரியிலும் விண்கல் விண்கலமாகிவிட்டது. விண்கலத்தில் அமினோ அமிலம் இருந்தால் அதிசயமில்லை, உள்ளே ஆட்கள் போகிறார்களே. தெரிந்தவர்கள் தொலைபேசியில் கூப்பிட்டுச் சிரித்தார்கள்.

என் பேத்தி தரம் 10இல் "உயிரின் இரசாயன அடிப்படை" படிக்கிறாள். தங்கள் பக்கத்தைக் காட்டி, "அம்மம்மா, சோதினையில எதை எழுதுறது?" என்று கேட்டாள். புத்தகத்தில் உள்ளதை எழுது என்று சொல்லிவிட்டேன். பத்திரிகையை நம்பாதே என்று ஒரு பிள்ளையிடம் சொல்ல வேண்டி வந்ததே, அது எனக்கு இலேசாக இருக்கவில்லை.

நான் கேட்பது பெரிதொன்றுமில்லை. இனி "இரசாயனமற்ற" என்று எழுதவரும் இடத்தில் "பீடைகொல்லி தெளிக்காத" என்றோ "செயற்கைப் பசளை போடாத" என்றோ எழுதச் சொல்லுங்கள். வரும் ஞாயிறு ஒரு சிறு திருத்தமும் போடுங்கள். அதற்கும் இடமில்லையென்றால், அந்த விண்கலத்தையாவது விண்கல்லாக்கிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியை,
வெள்ளவத்தை, கொழும்பு 6.